மிச்ச இடத்தில் ஒரு மெட்டு

6 நவம்பர் 1978

மழை. அடையாறில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. பட்டறையிலும் ஒழுகுகிறது. வாளியைத் தாண்டி உள்ளே வந்த சந்திரமௌலி சார், குடையை மடக்கும் முன்பே, "ஜெயபாரதி, பொருட்காட்சியில நமக்கு ஸ்டால் கிடைச்சுடுத்து" என்றார்.

எங்கள் கம்பெனி செய்வது வோல்டேஜ் ஸ்டெபிலைசர். சார், நான், சாலிடரிங் பார்க்கும் சர்தார், மூன்றே பேர். ஸ்டெபிலைசரைப் பார்க்க யார் வரப் போகிறார்கள்? அதனால் சார் போன வருஷம் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த எட்டு பிட் கம்ப்யூட்டரை வைக்கப் போகிறாராம். கம்ப்யூட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பச்சைப் பலகை, கொஞ்சம் பொத்தான்கள், சிவப்பாக எரியும் ஆறு எழுத்துகள்.

"கூட்டல் கழித்தல் போட்டுக் காட்டினா ஒருத்தரும் நிக்க மாட்டா. அது பாடணும். நாலு பாட்டு. நீ பண்ணிடு."

"ரேடியோவே பாடிக்கினு கீது. இதுக்கு இன்னாத்துக்கு சார் மெனக்கெடணும்?" என்றார் சர்தார்.

சார் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வெகு நாளைக்குப் பிறகு.

13 நவம்பர்

ஒலிபெருக்கியைத் 'தள்ளு, விடு' என்று மட்டும்தான் இந்த மிஷினால் சொல்ல முடியும். வேகமாகத் தள்ளி விட்டால் மேல் சுரம், மெதுவாகத் தள்ளி விட்டால் கீழ்ச் சுரம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை.

எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் ஒரே பைட்டுக்குள் அடைத்துவிட்டேன். ஆனால் பாட்டு இருக்கப் போகும் ஐ.சி. என்ற கறுப்புத் துண்டில் மொத்தமே ஆயிரத்து இருபத்து நாலு பைட். மிஷினைப் பாட வைக்கும் கட்டளைகளே அதில் பாதியைத் தின்றுவிடுகின்றன. மீதியில் நாலு பாட்டு. பாத்திரக்கடைக்காரர் மகள் எனக்கே இந்தப் பாத்திரம் சின்னதாகத் தெரிகிறது.

வழி ஒன்றுதான். ஒரே அடி இரண்டு தடவை வந்தால் ஒரு தடவை மட்டும் எழுதி வைத்துவிட்டு, மறுபடி வரும் இடத்தில் 'அங்கே போய் அதை வாசித்துவிட்டு வா' என்று ஒரு குறிப்பு. பாட்டில் எதெல்லாம் திரும்ப வருகிறது என்று தேடுவதுதான் இனி என் வேலை.

22 நவம்பர்

குழந்தைப் பாட்டு பாடிவிட்டது! கொசு பாடுவது மாதிரி. சார் தன் ஆத்துக்கு ஓடிப்போய் மாமியை அழைத்துவந்து காட்டினார்.

30 நவம்பர்

நாலும் முடிந்தது. குழந்தைப் பாட்டு, அணிவகுப்பு, அறுவடைக் கும்மி, கடைசியில் சார் ஆசைப்பட்ட மங்களம். அடித்துச் சுருக்கி, ஓர் அடியை இரண்டு பாட்டுக்குப் பொதுவாக்கி, எல்லாம் உள்ளே போய்விட்டது. முப்பத்தெட்டு பைட் மிச்சம்கூட இருக்கிறது.

திரும்பும்போது மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தின் மேல் நின்றேன். நிற்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கோடம்பாக்கம் பக்கமாகத் தண்டவாளம் வளைகிற இடம் அங்கிருந்து தெரியும். மின்சார ரயில் அந்த வளைவில் ஊதும். எங்கள் வீட்டுச் சமையலறையிலும் அது கேட்கும். கேட்கும்போதெல்லாம் அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நல்லசிவம் அண்ணன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.

1 டிசம்பர்

எழுதித்தான் பார்ப்போமே. இதுவரை இந்த டைரியில்கூட எழுதியதில்லை.

அண்ணன் கடைக்கு வரமாட்டேன் என்றுவிட்டான். ஸ்டூடியோக்களில் அக்கார்டியன் வாசித்தான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து, ரங்கநாதன் தெருவில் பாத்திரங்களைத் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டு, இருபது வருஷமாக வளர்த்த கடை. "கூத்தாடப் போறான்" என்பார். அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். எழுபத்தேழு மே மாதம், ஒரு வியாழக்கிழமை, பட்டப்பகலில், அந்த வளைவில் தண்டவாளத்தைக் கடக்கும்போது—

போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. சொந்தக்காரர்கள் வாய்க்குள்ளேயே வேறு சொன்னார்கள். அன்று காலை அவன் கடைக்குப் போய் அப்பாவைப் பார்த்தான் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அப்பா என்ன சொன்னார்? நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வீட்டில் அவன் பேரையே யாரும் எடுப்பதில்லை. அக்கார்டியன், அவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்த மாஸ்டருடையது. அவர் அனுப்பிய ஆட்கள் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவன் வீட்டில் அடிக்கடி வாசித்த ஒரு மெட்டு உண்டு. எந்தப் படத்திலும் வந்ததில்லை. அவனே போட்டது. இன்று அதை யாராவது வாசிக்க வேண்டுமென்றால் என் தலைக்குள்தான் வந்து தேட வேண்டும். அதுவும் பாதிதான் இருக்கிறது. பிற்பாதி இருந்ததா என்றுகூடத் தெரியாது.

முப்பத்தெட்டு பைட்.

7 டிசம்பர்

சார் மயிலாப்பூருக்குப் போயிருந்தார். மெட்டைப் பொத்தான்களில் அடித்தேன். முதல் அடி, அதே அடி மறுபடி, பிறகு இறங்கும் அடி, திரும்ப முதல் அடி. திரும்ப வருவதை எல்லாம் குறிப்பாக்கிச் சுருக்கியதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

ஓட்டினேன். எல்லாச் சுரமும் சரி. ஒன்றுமே இல்லை. யாரோ ஒருவர் அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றது போல இருந்தது.

எது குறைகிறது?

9 டிசம்பர்

பாத்திரம் தேய்க்கும்போது தெரிந்தது. இரண்டாவது தடவை அவன் அப்படியே வாசிக்க மாட்டான்! உச்சிக்கு ஏறுவதற்கு முன்னால் சற்றே நிற்பான், அரைத் துடிப்பு. "துருத்தியில ஓட்டை, காத்து போயிருதுட்டீ, திரும்ப இழுக்கணும்" என்று காரணம் சொல்வான். நான்தான் இரண்டும் ஒன்று என்று எழுதிச் சுருக்கிவிட்டேன். இடத்தை மிச்சம் பிடிக்கப் போய் அவனையே வெளியே தள்ளிவிட்டேன்.

அந்த நிறுத்தத்தை வைக்க வேண்டுமென்றால் அடியை இரண்டாக உடைக்க வேண்டும். ஐந்து பைட் கூடுதல். எங்கே போவேன்?

12 டிசம்பர்

மங்களத்தின் முடிவில் ஒரு நீட்டலைக் குறைத்தேன். கும்மியில் ஒரு சுற்றை எடுத்தேன். ஐந்து பைட் கிடைத்தது. சாருக்குத் தெரியாது.

மத்தியானம் ஓட்டினேன்.

ஏறுகிறது... நிற்கிறது... பிறகு அந்த மேல் சுரம்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோடு போய் நின்றேன். கொசுக்குரல்தான். ஆனால் அவன்தான். திரும்பிப் பார்த்தால் கட்டிலில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. திரும்பவில்லை. மெட்டுக்கு முடிவு தெரியாததால் முதலுக்கே போகும்படி எழுதியிருந்தேன். அது பாட்டுக்கு மறுபடி, மறுபடி.

சர்தார் டீ எடுத்து வந்தவர் அப்படியே நின்றார். "இன்னா மேடம் இது? மிஷினுக்கு மூச்சு வாங்குறாப்புல கீது."

"நிறுத்துங்க" என்றேன். "நீங்களே நிறுத்துங்க, சர்தார்."

பேயைப் பார்த்தது போல என்னைப் பார்த்தார். ஸ்விட்சை அணைத்தார். டீ ஆறிப்போனது.

14 டிசம்பர்

சார் கேட்டுவிட்டு, "இது எந்தப் படம்?" என்றார். நான் ஏதோ சொன்னேன். "நன்னாயிருக்கு. இருக்கட்டும், அஞ்சாவதா" என்றார். இரண்டு சுற்றோடு நிற்கும்படி மாற்றி ஐ.சி.யில் பதித்தாகிவிட்டது. இனி மின்சாரம் போனாலும் மறக்காது.

நான் என்ன செய்துவைத்திருக்கிறேன்?

2 ஜனவரி 1979

மின்விசிறியில் கேட்கிறது. பஸ் இன்ஜினில் கேட்கிறது. குழாயடியில் குடம் நிறையும்போதும். நிற்கிற அந்த இடம் வரும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

14 ஜனவரி, பொங்கல்

பால் பொங்கியபோது நான் முணுமுணுத்துவிட்டேன் போலிருக்கிறது. எனக்கே தெரியாது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கூடத்திலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"அதைப் பாடாத."

"எதை அப்பா?"

"பாடாதட்டீ!"

அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பண்டிகை நாளில், மூடிக் கிடக்கும் கடைக்கு. அம்மா பொங்கலை இறக்கிவைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "செத்த பெறவும் அவன் மேல இந்த மனுசனுக்குக் கோவம் தீரல பாத்தியா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வருஷமாக அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

27 ஜனவரி

தீவுத்திடல், பொருட்காட்சி. எங்கள் ஸ்டாலுக்கு இந்தப் பக்கம் டெல்லி அப்பளக்காரர், அந்தப் பக்கம் பிளாஸ்டிக் வாளி. "பாடும் கம்ப்யூட்டர்" என்று சர்தார் பெயின்ட்டில் எழுதியிருக்கிறார். கூட்டம் வரத்தான் செய்கிறது. "உள்ள டேப் ஓடுது, டூப் உடறானுங்க" என்று ஒருவன் பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

ஐந்து பாட்டும் மாறி மாறி வரும். அது வரும்போது மட்டும் நான் அப்பளக்காரர் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

3 பிப்ரவரி

கறுப்பு புர்கா, முகத்திரையைத் தூக்கி விட்டிருந்த ஒரு பெண். கூட்டத்தின் பின்னால் நின்றாள். மற்ற பாட்டுகளுக்கு எங்கேயோ பார்க்கிறாள். ஐந்தாவது வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறாள். முடிந்து மறுபடி குழந்தைப் பாட்டு தொடங்கியபோது அவளைக் காணோம்.

7 பிப்ரவரி

"அந்தம்மா இன்னிக்கும் வந்துச்சு மேடம். நீங்க சாப்புடப் போயிருந்தீங்க. ரெண்டு ரவுண்டு கேட்டுச்சு. இன்னா வேணும்னு கேட்டேன், ஒண்ணுமில்லன்னு பூட்ச்சு."

எனக்கு ஏன் பயமாக இருக்கிறது?

11 பிப்ரவரி, ஞாயிறு

வந்தாள். கூட இன்னொரு சின்னப் பெண், வஜீஹா என்று கூப்பிட்டாள், சித்தி மகளாம். அவளை அப்பளம் வாங்க அனுப்பிவிட்டு பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஐந்தாவது பாட்டு. ஏறுகிறது, நிற்கிறது. அந்த நிறுத்தத்தில் அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். எனக்குக் கேட்டது. பிறகு மெட்டு முதலுக்குத் திரும்பும் இடம் வந்தது. மிஷின் திரும்பியது. அவள் திரும்பவில்லை. அடிக்குரலில் மேலே பாடிக்கொண்டே போனாள். நான் கேட்டதே இல்லாத அடிகள். ஆனால் அப்படித்தான் போக முடியும், வேறு எப்படியும் போக முடியாது என்று கேட்டவுடனே தெரிந்தது.

பிற்பாதி இருந்திருக்கிறது.

நான் சர்தாரைப் பார்த்தேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, மிஷினை அணைத்துவிட்டு, கூட்டத்திடம் "சூடாகிப் பூட்ச்சு நைனா, அப்பால வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

ஸ்டாலுக்குப் பின்னால் பெட்டிகளின் மேல் உட்கார்ந்தோம்.

"நீங்க பாரதிதானே?" என்றாள். "தங்கச்சி கம்ப்யூட்டர் படிக்குதுன்னு சொல்லிக்கினே இருப்பாங்க. பேரு கைசர் ஜஹான். திருவல்லிக்கேணி. சினிமா கோரஸ்ல பாடினு இருந்தேன்."

நான் அந்த நிறுத்தத்தைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. துருத்தியில் ஓட்டை என்று சொல்வானே என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அந்த இடத்துல மூச்சு பத்தாது. நான் மூச்சு எடுக்கட்டும்னு நிப்பாங்க. நான் இல்லாதப்பவும் அப்டியே வாசிச்சாங்களா?"

வாசித்தான். எங்கள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, தனியாக, இவளுக்காக நின்று நின்று வாசித்திருக்கிறான்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"எங்க வூட்ல யாருக்கும் தெரியாது. நான்தான் சொன்னேன். உங்க அப்பா சரின்னு சொன்னாத்தான் இனிமே பாப்பேன், இல்லாட்டி வேணாம்னு. வியாழக்கிழமை கேக்கறேன்னாங்க. மத்தியானம் கோடம்பாக்கத்துல ரெக்கார்டிங் தியேட்டர் வாசல்ல நின்னுகினு இருந்தேன். வரல. அப்புறம் யாரோ வந்து சொன்னாங்க... வேணாம்னு சொல்லிட்டாரு போல, அதான் போய் வுழுந்துட்டாங்கன்னு நெனச்சேன். நான் அந்த வார்த்தை சொல்லாம இருந்தா—"

வஜீஹா வருகிறாளா என்று அப்பளக்காரர் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏப்ரல்ல எனக்கு நிக்கா. வாணியம்பாடி மாப்பிள்ளை. நல்லவங்கன்னு சொல்றாங்க. அதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு தெரியணும் எனக்கு. அன்னிக்கு உங்க அப்பா இன்னா சொன்னாரு?"

எனக்குத் தெரியாது என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றும் சொல்லிவிட்டேன். எந்த தைரியத்தில் சொன்னேன்?

13 பிப்ரவரி

கேட்கவில்லை.

15 பிப்ரவரி

கேட்கவில்லை. சாப்பிடும்போது அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'வேண்டாம், படி ஏறாதே' என்று சொன்னேன் என்பார். அதை நான் கொண்டுபோய் அவளிடம் சொல்ல வேண்டும். அதைச் சுமந்துகொண்டு அவள் வாணியம்பாடிக்குப் போக வேண்டும். பொய் சொல்லிவிடலாமா?

18 பிப்ரவரி, ஞாயிறு

மத்தியானம் கடை மூடும் நேரத்துக்குப் போனேன். அப்பா தராசுத் தட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அண்ணன் கடைசியா வந்தப்ப என்ன கேட்டான்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணைப் பாத்தேன்."

தட்டு கையிலிருந்து விழுந்தது. பித்தளை, உருண்டு தெருப்பக்கம் போனது. அவர் அதை எடுக்கப் போகவில்லை.

"இருக்காளா?" என்றார். "எங்க இருக்கா? என்ன செய்யுதா?"

நான் எதிர்பார்த்தது இது இல்லை. சொன்னேன். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று தெரிந்துகொள்ள இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறாள் என்றேன்.

அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தபோது என்னைப் பார்க்கவில்லை, தொங்கும் குடங்களைப் பார்த்தார்.

"கடை திறக்க முன்ன வந்தான். 'ஒரு பிள்ளை இருக்காப்பா, நம்ம ஆளுக இல்ல, முஸ்லிம்'னான். நான் செத்த நேரம் பேசல. அவன் முகத்தப் பாத்தேன். சின்னப் பிள்ளையில காய்ச்சல் விட்டு எந்திரிச்சா ஒரு முகம் வரும்லா, அது மாதிரி இருந்துச்சு. 'சரிடே, ஞாயித்துக்கெழம வீட்டுக்குக் கூட்டிட்டு வா. உங்கம்மா பாக்கட்டும்'னேன். பேரு என்னன்னு கேட்டேன். 'ஞாயித்துக்கெழம அவளே சொல்லுவா'ன்னு சிரிச்சிட்டு ஓடினான்."

"சரின்னு சொன்னீங்களா?"

"சொன்னதாலதானட்டீ ஓடினான்! வேண்டாம்னு சொல்லியிருந்தா இங்கனயே நின்னு எங்கூட சண்டை போட்டிருப்பான். உசுரோட இருந்திருப்பான். சந்தோசத்துல ரயிலு வாரது தெரியாம..."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏன் எங்ககிட்டச் சொல்லலே அப்பா?"

"உங்கம்மாட்ட என்னன்னு சொல்ல? நான் சரின்னு சொல்லி அனுப்புன பிள்ளைன்னா? அந்தப் பிள்ளையத் தேடிப் போனேன். ஒவ்வொரு ஸ்டூடியோ வாசல்லயும் நின்னிருக்கேன். எம் மவனோட பழகுன பிள்ளை யாருன்னு கேக்க வாய் வரல. யாரு பெத்த பிள்ளையோ, பேரு கெட்டுப் போவும்லா. பாத்துட்டே நிப்பேன். வார பிள்ளைகள்ல எவ முகத்துல அது இருக்குன்னு பாப்பேன். வந்துருவேன்."

தட்டை நான் போய் எடுத்து வந்தேன். விளிம்பு நசுங்கியிருந்தது.

19 பிப்ரவரி

அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. பிறகு கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அவன் போன அன்னைக்கு வெள்ளன கடைப் பையனை அனுப்பி, ஞாயித்துக்கெழமைக்கு நல்ல கறியா எடுக்கணும், வெருந்தாளி வாராவன்னு சொல்லிவிட்டாரு. யாருன்னு நானும் கேக்கல. பெறவு எல்லாம் மறந்து போச்சு."

கொத்தமல்லியை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாயங்காலம் அப்பா வந்ததும் எழுந்து காப்பி போட்டாள். அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். ரயில் ஊதியது. அப்பாவும்தான் இத்தனை நாள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள்தான் பார்க்கவில்லை.

25 பிப்ரவரி, ஞாயிறு

அப்பா வெளுத்த வேட்டி சட்டையில் தீவுத்திடலுக்கு வந்தார். கைசர் ஜஹான் முன்னாலேயே வந்து பெட்டிகளின் பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பாவைக் கண்டதும் தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். பயந்திருந்தாள்.

அப்பா கும்பிட்டார். அவள் வயதுப் பெண்ணை அவர் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"சரின்னு சொன்னேம்மா" என்றார். "ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வான்னு சொன்னேன். உங்கிட்டச் சொல்லத்தான் ஓடி வந்தான்."

அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். "சந்தோசமாவா வந்தாங்க?" என்றாள். "சந்தோசமாவா?"

"ஆமா தாயி."

அவள் அழுத சத்தத்துக்கு அப்பளக்காரர் எட்டிப் பார்த்தார். சர்தார் மங்களத்தை ஓடவிட்டு மறைத்தார். அப்பா வெயிலில் குடை பிடிக்க மறந்த ஆள் மாதிரி நின்றுகொண்டே இருந்தார். அவள் ஓய்ந்த பிறகு, "பேரு மட்டும் பய சொல்லல. உம் பேரு என்னம்மா?" என்றார்.

"கைசர் ஜஹான்."

"கைசரு..." என்று தொடங்கி அப்பா திக்கினார். அவள் மறுபடி சொன்னாள். அவரும் மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

4 மார்ச்

பிற்பாதியை அவள் பாடக் கேட்டு எழுதிக்கொண்டேன். பொருட்காட்சி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, மங்களத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அதை எடுத்தால்தான் முழு மெட்டும் உள்ளே போகும். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "எடுத்துடு" என்றார். "முழுசும் வேற ஐ.சி.ல பதிச்சுடு. நானும் ஒத்தாசைக்கு வரேன்."

பிற்பாதியில் திரும்ப வரும் அடி என்று ஒன்றுகூட இல்லை. சுருக்க எதுவுமே இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் அப்படியே எழுத வேண்டியிருந்தது.

9 மார்ச்

முழுவதும் ஓடியது. முடிகிறது. முடிந்த பிறகும் காது அடுத்ததை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறது. நேற்றும் மின்விசிறியில் கேட்டேன். இது போகுமென்று தோன்றவில்லை. போக வேண்டுமா என்றும் தெரியவில்லை.

8 ஏப்ரல் 1979, ஞாயிறு

இன்று கைசர் ஜஹானுக்கு நிக்கா; எங்கள் மூவரையும் அழைத்திருந்தாள். அம்மா வரவில்லை. "அவ நல்லா இருக்கட்டும். ஆனா மணக்கோலத்துல என்னால பாக்க முடியாதுட்டீ" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. ஒரு எவர்சில்வர் அடுக்கு முழுவதையும் கடையிலிருந்து அவளே பொறுக்கி எடுத்துத் துடைத்துக் கட்டியிருந்தாள்.

திருவல்லிக்கேணியில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். நிக்கா வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அப்பா பஸ்ஸிலேயே என்னிடம் மூன்று தடவை கேட்டார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? வாசலில் ரோஜாத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். வஜீஹா என்னைக் கண்டு ஓடிவந்து, பெண்கள் பக்கம் போகலாம் என்று கையைப் பிடித்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் போலிருக்கிறது, தாடிக்குப் பன்னீர் பூசிய ஒரு பெரியவர், வலியுல்லா சாயபு என்று யாரோ கூப்பிட்டார்கள். நெற்றியில் திருநீறோடு பாத்திரக் கட்டைத் தூக்கிக்கொண்டு நின்ற அப்பாவைப் பார்த்ததும் மரியாதையாகக் கிட்டே வந்தார்.

"வாங்க, வாங்க. நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா பாத்திரக் கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"பொண்ணு வீடு" என்றார்.

அவரை உள்ளே அழைத்துப்போய் முன் வரிசையில் உட்கார வைத்தார்கள்.